நுணுக்கமும் வெளிச்சமும்

ஒரு பொருளை எவ்வளவுக்கு எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிறோமோ, அவ்வளவுக்கு அவ்வளவு உண்மையாகப் பார்க்கிறோம் என்பது நம்மில் பெரும்பாலோருடைய நம்பிக்கை. நகைக்கடைக்காரர் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் பூதக் கண்ணாடியும், வக்கீல் செய்யும் குறுக்கு விசாரணையும் இந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கின்றன. மேலோட்டமாகப் பார்ப்பவன் ஏமாறுவான், உற்றுப் பார்ப்பவன் பிழைப்பான் என்று சொல்லித்தான் நம்மை வளர்த்திருக்கிறார்கள். நுணுக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டா, அந்த எல்லையைத் தாண்டி உற்றுப் பார்ப்பது ஒரு விதமான பொய்யாகிவிடுமா என்று யாரும் கேட்பதில்லை.

இந்தக் கேள்வியைத் தேடித் தத்துவ நூல்களுக்குப் போக வேண்டிய அவசியமில்லை. மொட்டை மாடியில் தொலைநோக்கியை நிறுத்தி, அதன் பின்னால் காமிராவைப் பூட்டி, லட்சக்கணக்கான, கோடிக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருக்கும் நட்சத்திர மண்டலங்களைப் படம் பிடிக்கிற பொழுதுபோக்குக்காரர்கள் இதைத்தான் இரவு இரவாக விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் அதைத் தத்துவம் என்று சொல்லிக்கொள்வதில்லை. "பிக்ஸல் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?" என்றுதான் கேட்கிறார்கள்.

எங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருக்கிறார். தொழிலில் தணிக்கையாளர். பகலெல்லாம் பிறருடைய கணக்குகளில் குற்றம் கண்டுபிடித்துவிட்டு, அமாவாசையை ஒட்டிய இரவுகளில் ஜவ்வாது மலைப் பக்கம் காரை ஓட்டிக்கொண்டு போய்விடுவார். காவலூரில் வைணு பாப்பு வான் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற மலை அது. இரண்டு காமிராக்களில் எதை வாங்குவது என்று அவர் ஆறு மாதம் யோசித்தார். ஒன்று, கோடாக் நிறுவனம் முன்பு செய்த சில்லைப் பொருத்திய பழைய காமிரா, கைமாறி வந்தது. அதில் ஒரு பிக்ஸலின் அகலம் 9 மைக்ரான். மற்றொன்று ஸோனியின் புதிய சில்லு. அதில் 3.76 மைக்ரான். நம் தலைமயிரின் பருமனே ஐம்பது மைக்ரானுக்கு மேல் இருக்கும். பெண் கொடுக்கிறவர்கள்கூட இவ்வளவு யோசிக்க மாட்டார்கள் என்று அவருடைய மனைவி அலுத்துக்கொண்டார். ஆனால் அது யோசிக்க வேண்டிய விஷயம்தான்.

காமிராவுக்குள் இருக்கும் சில்லு, சதுரங்கப் பலகை மாதிரி கட்டம் கட்டமாகப் பிரித்த ஒரு தகடு. அந்தக் கட்டத்துக்குத்தான் பிக்ஸல் என்று பெயர். வெளிச்சம் விழ விழ ஒவ்வொரு கட்டத்திலும் எலெக்ட்ரான்கள் சேருகின்றன. நேரம் முடிந்ததும் கருவி அவற்றைக் கட்டம் கட்டமாக எண்ணிக் கணக்கு எழுதுகிறது. 1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச் சாலையில் வில்லார்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் என்ற இருவர் இந்த வகைச் சில்லுக்கு வழி செய்தார்கள். நாற்பது வருஷம் கழித்து, 2009-ல், அவர்களுக்கு நோபல் பரிசு வந்தது.

ஒவ்வொரு கட்டத்தையும் கோயில் உண்டியல் என்று நினைத்துக்கொள்ளுங்கள். மொத்தத்தில் எவ்வளவு காசு விழும் என்பது வாசலில் நுழைகிற கூட்டத்தைப் பொறுத்தது. உள்ளே எத்தனை உண்டியல் வைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்ததல்ல. இங்கே வாசல் என்பது தொலைநோக்கியின் வாய். எட்டு அங்குல வாய்க்குள் எட்டு அங்குல வெளிச்சம்தான் நுழையும். 9 மைக்ரான் கட்டம் ஒன்றின் பரப்பில் 3.76 மைக்ரான் கட்டங்கள் ஏறக்குறைய ஆறு அடங்கும். ஆக, ஒரு பெரிய உண்டியல் வைக்கிற இடத்தில் ஆறு சின்ன உண்டியல்கள். ஒவ்வொன்றிலும் ஆறில் ஒரு பங்கு காசு.

தொல்லை, எண்ணுகிற இடத்தில் வருகிறது. உண்டியல் பெரிதானாலும் சிறிதானாலும் எண்ணுகிறவர் செய்கிற பிழை ஒரே அளவுதான். பழைய சில்லுகளில் ஒவ்வோர் எண்ணிக்கையிலும் ஒன்பது, பத்து எலெக்ட்ரான் முன்னே பின்னே போய்விடும். மங்கலான ஒரு சுருளின் நுனியிலிருந்து ஒரு சின்னக் கட்டத்துக்கு வந்து சேருவதே பத்துப் பன்னிரண்டு எலெக்ட்ரான் என்றால் அந்தக் கணக்கை யார் நம்புவது? ஆகவே, பெரிய பிக்ஸலே உத்தமம் என்று ஒரு தலைமுறை சத்தியம் செய்தது. அவர்கள் காலத்துக்கு அது சரி. புதிய சில்லுகளில் இந்தப் பிழை ஒன்றிரண்டு எலெக்ட்ரானாகக் குறைந்துவிட்டது. ஆறு சின்னக் கட்டங்களைத் தனித்தனியே எண்ணிவிட்டுப் பிறகு கூட்டினாலும், ஏறின பிழையும் இறங்கின பிழையும் ஒன்றையொன்று ஓரளவு தின்றுவிடுவதால், மொத்தப் பிழை இரண்டரை மடங்குக்கு மேல் போகாது. பழைய பெரிய உண்டியலின் பிழையில் அது பாதி. ஆகவே சின்னதாகப் பிரிப்பதில் இன்றைக்கு நஷ்டமில்லை, பிரித்ததைத் திரும்பக் கூட்டுவதற்கு மனம் இருக்குமானால். இந்த "ஆனால்" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

எண்ணுகிறவர் பிழையே செய்யாத தேவகுமாரனாக இருந்தாலும் வேறொரு பிழை பாக்கி இருக்கும். வெளிச்சம் மழை மாதிரி துளித் துளியாக வருகிறது. நூறு துளி எதிர்பார்க்கிற இடத்தில் தொண்ணூறும் விழலாம், நூற்றுப் பத்தும் விழலாம். பத்தாயிரம் எதிர்பார்க்கிற இடத்தில் ஏற்றத்தாழ்வு நூறுதான், நூற்றுக்கு ஒன்று. இந்தப் பிழையைப் போக்க எந்தக் கம்பெனியாலும் முடியாது. பனியில் போர்வையைப் போர்த்திக்கொண்டு காத்திருந்து, இன்னும் வெளிச்சத்தைச் சேர்ப்பது ஒன்றே வழி.

இதற்கெல்லாம் மேலே காற்று. நட்சத்திரம் கண் சிமிட்டுவது கவிஞர்களுக்கு அழகு. படம் பிடிக்கிறவனுக்கு வயிற்றெரிச்சல். சாதாரண இரவில் நம் ஊர்க் காற்று ஒரு நட்சத்திரத்தை மூன்று விகலை அகலத்துக்குப் பூசிவிடும். விகலை என்பது ஒரு பாகையில் 3600-ல் ஒரு பங்கு. ஒரு ரூபாய் நாணயத்தை நாலு கிலோமீட்டருக்கு அப்பால் நிறுத்தினால் தெரிகிற அகலம் என்று வைத்துக்கொள்ளலாம். தணிக்கையாளருடைய தொலைநோக்கிக்கு வாய் எட்டு அங்குலம், குவியத் தூரம் ஒரு மீட்டர். அதில் 9 மைக்ரான் கட்டம் ஒவ்வொன்றும் 1.86 விகலை வானத்தைப் பிடிக்கும், 3.76 மைக்ரான் கட்டம் 0.78 விகலையை. காற்று பூசிய ஒரு பொட்டுக்குக் குறுக்கே இரண்டு மூன்று கட்டங்கள் இருந்தால் போதும்; அதற்கு மேல் பிரித்தால் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் ஒரே சேதியைத் திரும்பத் திரும்பச் சொல்லும். பெரிய கட்டம் கொஞ்சம் முரடு, சின்னக் கட்டம் தேவைக்குச் சற்று மேல் என்று கணக்கு முடிந்தது. சின்னதையே வாங்கினார்.

தேவைக்கு மேற்பட்ட நுணுக்கம் வீண் செலவுதானே, அதில் பாவம் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு நடந்த கதை ஒன்று சொல்கிறேன்.

அட்ரியான் வான் மானன் ஹாலந்துக்காரர். கலிபோர்னியாவில் மௌண்ட் வில்ஸன் வான் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தார். கண்ணாடித் தட்டில் எடுத்த வானப் படங்களை அளப்பதில் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கியவர். சப்தரிஷி மண்டலத்தின் திசையில் எம்-101 என்ற அழகான சுருள் ஒன்று இருக்கிறது. 1910-லும் 1915-லும் அதைப் படம் பிடித்த தட்டுகளை அவர் அக்கம்பக்கமாக வைத்து அளந்து, சுருள் சுழல்வதைத் தாம் கண்டதாக 1916-ல் அறிவித்தார். ஒரு சுற்றுக்கு 85,000 ஆண்டுகள் என்று கணக்கும் கொடுத்தார். வேறு பல சுருள்களையும் அளந்தார், எல்லாம் சுழன்றன.

இது சாதாரணச் செய்தியல்ல. அந்தச் சுருள்கள் நம்முடைய பால்வீதியைச் சேர்ந்த சின்னப் புகைகளா, அல்லது பால்வீதிக்கு வெளியே, அதற்குச் சமமான தனி உலகங்களா என்று பெரியவர்கள் மல்லுக்கு நின்ற காலம் அது. ஐந்து வருஷத்துக்குள் அசைவு தெரிகிறதென்றால் அவை அருகில்தான் இருக்க வேண்டும். 1920 ஏப்ரலில் வாஷிங்டனில் நடந்த பிரசித்தமான விவாதத்தில் ஹார்லோ ஷாப்லி இந்த அளவுகளைத் தம் கட்சிக்குத் துணையாகக் கொண்டார். எதிர்க் கட்சியான ஹீபர் கர்ட்டிஸும், இந்த அளவுகள் உறுதிப்பட்டால் தம் கொள்கையைக் கைவிட வேண்டியதுதான் என்று நேர்மையாக ஒப்புக்கொண்டார். ஒரு மனிதருடைய நுணுக்கமான பார்வை, பிரபஞ்சத்தின் அளவையே சுருக்கிப் பிடித்து வைத்திருந்தது.

எம்-101 ஏறக்குறைய இரண்டு கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது என்று இன்று நமக்குத் தெரியும். வான் மானன் கண்ட அசைவு மெய்யானால், அதன் நட்சத்திரங்கள் ஒளியைவிட இரண்டு மடங்கு வேகத்தில் ஓட வேண்டும்! 1935-ல் எட்வின் ஹப்பிள் தட்டுகளை மறுபடியும் அளந்து, அசைவு இல்லை என்று காட்டினார். வான் மானனும் தம் முடிவுகளை எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும் என்று எழுதினார்.

அவர் பொய்யர் அல்லர். சோம்பேறியும் அல்லர், பொறுமையில் முனிவர். அப்படியானால் என்ன நடந்தது? நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் பயன்படுத்திய அறுபது அங்குலத் தொலைநோக்கியின் தட்டில், ஐந்து வருஷத்து அசைவு என்று அவர் கண்டது நாலு மைக்ரான் அளவு. நம் தணிக்கையாளர் வாங்கிய காமிராவில் ஒரே ஒரு கட்டத்தின் அகலம். அதே தட்டில் காற்று பூசிய ஒரு நட்சத்திரத்தின் பொட்டு அதைப்போல் பத்து மடங்காவது இருக்கும். தட்டில் இருந்த வெளிச்சத்தைவிட நுணுக்கமான கேள்வியை அவர் கேட்டார். கேள்வி கேட்டால் பதில் ஒன்று வரத்தான் செய்யும். எங்கிருந்தாவது வரும், வானத்திலிருந்து வராது.

இந்தக் காரியத்தை நாம் தினந்தோறும் செய்துகொண்டிருக்கிறோம் என்பதுதான் எனக்குக் கவலை. பெண் பார்க்கப் போகிறோம். அரை மணி நேரம். அந்தப் பெண் காப்பித் தட்டை வைத்த விதம், நிமிர்ந்து பார்த்த விதம், "ம்" என்று சொன்ன தொனி, இவற்றிலிருந்து அவளுடைய குணத்தை 2 மைக்ரான் துல்லியத்தில் வரைந்துகொண்டு வீடு திரும்புகிறோம். கைபேசியில் அனுப்பிய சேதிக்குப் பக்கத்தில் இரண்டு நீலக் குறிகள் விழுந்தும் இரண்டு மணி நேரமாகப் பதில் இல்லை. அந்த மௌனத்தை உற்று உற்றுப் பார்த்து அதற்குள் அலட்சியம், பொறாமை, பழைய பாக்கி எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுகிறோம். துக்கம் விசாரிக்க வந்த சம்பந்தி முகம் சற்றே மலர்ந்திருந்தது என்று ஆரம்பித்துப் பதினைந்து வருஷம் பேச்சுவார்த்தை அறுந்த குடும்பங்களை நான் அறிவேன். சொல்கிறவர்கள் எல்லாரும் சத்தியமாகத் தாங்கள் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். வான் மானனும் அப்படித்தான்.

அதற்காக நுணுக்கமே கூடாது என்று வாதாட வரவில்லை. 1923 அக்டோபரில் ஹப்பிள் ஆண்ட்ரோமீடா மண்டலத்தின் தட்டு ஒன்றில் ஒரு பொட்டை முதலில் நோவா என்று குறித்தார். பிறகு அதை அடித்துவிட்டு, பிரகாசம் மாறி மாறி வருகிற நட்சத்திரம் என்று எழுதினார். அந்த ஒரு நட்சத்திரத்தை வைத்துத்தான் ஆண்ட்ரோமீடா நம் பால்வீதிக்கு வெகு தூரம் வெளியே இருக்கிறது என்பது நிலைநாட்டப்பட்டது. ஒரு மண்டலத்துக்குள் தனி நட்சத்திரத்தைப் பிரித்துப் பார்ப்பதைவிட நுணுக்கம் வேறு என்ன வேண்டும்? ஆனால் அந்த நுணுக்கத்துக்கு விலை கொடுத்திருந்தார்கள்: நூறு அங்குலக் கண்ணாடி, மலை உச்சி, இரவு இரவாகத் தட்டுகள். பொட்டு மறைந்தும் தோன்றியும் தன்னைத் தானே நிரூபித்தது.

விலை கொடுக்க முடியாத இடத்தில் முரட்டுக் கட்டமே மேலானது என்பதற்கும் சாட்சி உண்டு. பீட்டர் வான் டோக்கும், ராபர்ட்டோ ஆபிரகாம் என்ற இரண்டு வானியலார், பத்திரிகைக்காரர்கள் விளையாட்டுப் போட்டிகளில் தூக்கிக்கொண்டு அலைகிற கானன் 400 மில்லிமீட்டர் லென்ஸ்கள் எட்டை ஒன்றாகக் கட்டி ஒரு கருவி செய்தார்கள். தும்பி என்று பொருள்படும்படி 'டிராகன்ஃப்ளை' என்று பெயர் வைத்தார்கள். அதில் ஒரு கட்டத்துக்கு 2.8 விகலை, பொழுதுபோக்குக்காரர்களே முகம் சுளிக்கிற முரட்டுத்தனம். ஆனால் அவர்கள் தேடியது கூர்மையை அல்ல, மங்கலை. முப்பது கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் இருக்கும் கோமா கூட்டத்தில், பரப்பில் பெரிதும் வெளிச்சத்தில் மிகச் சிறிதுமான 47 மண்டலங்களைக் கண்டுபிடித்ததாக 2015-ல் வெளியிட்டார்கள். பெரிய பெரிய கண்ணாடிகளின் பார்வைக்குத் தப்பியவை அவை.

அதைவிட எனக்குப் பிடித்தது ஆண்ட்ரோமீடா விவகாரம். அவ்வளவு தடவை படம் பிடிக்கப்பட்ட மண்டலம் வானத்தில் வேறு இல்லை. அதன் பக்கத்திலேயே, முழு நிலவைப்போல் மூன்று மடங்கு நீளத்துக்கு ஒரு வில் வடிவமான ஒளி இருக்கிறது என்று 2023 ஜனவரியில் சில பொழுதுபோக்குக்காரர்கள் உலகத்துக்குச் சொன்னார்கள். யான் சேந்தி, மார்செல் டிரெக்ஸ்லர், சேவியர் ஸ்ட்ராட்னர் என்று அவர்களுக்குப் பெயர். சேந்தி பயன்படுத்தியது நாலங்குலத்துக்குச் சற்று அதிகமான சின்னக் கருவி. காமிராவில் நம் தணிக்கையாளர் வாங்கியதே போன்ற 3.76 மைக்ரான் கட்டங்கள். ஆனால் அவர் இருபதுக்கு மேற்பட்ட இரவுகளில் நூறு மணி நேரத்துக்கும் அதிகமாக வெளிச்சத்தைச் சேர்த்தார். அந்த வில் ஆண்ட்ரோமீடாவைச் சேர்ந்ததா, நம் பால்வீதிக்குள்ளேயே குறுக்கே நிற்பதா என்பது வேறு விவாதம். அது இருக்கிறது, முன்பு யாரும் அதைப் பார்த்ததில்லை.

இப்போது அந்த "ஆனால்" என்பதற்கு வருகிறேன். சின்னக் கட்டத்தில் எடுத்த படத்தைக் கணிப்பொறித் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் மணலை இறைத்தது போல் இருக்கும். நாலு கட்டத்தை ஒன்றாகக் கூட்டினால் மணல் அடங்கும், படமும் சிறுத்துவிடும். காசு கொடுத்து வாங்கிய நுணுக்கத்தைத் திருப்பிக் கொடுக்க யாருக்கு மனம் வரும்? அந்தச் சமயத்தில்தான் மென்பொருள் வந்து நிற்கிறது. ஆயிரக்கணக்கான நல்ல படங்களைப் பார்த்துப் பழகிய இயந்திர மூளை, மணலை நீக்கி, மங்கலைக் கூர்மையாக்கி, சுருளுக்குள் தூசிப் பட்டைகளை இழை இழையாகக் காட்டிவிடுகிறது. 2023-ல் ஒருவர், வேண்டுமென்றே மங்கலாக்கிய சந்திரன் படத்தைத் திரையில் போட்டு அறையின் மறு கோடியிலிருந்து கைபேசியால் படம் பிடித்தார். திரையில் இல்லாத பள்ளங்களெல்லாம் கைபேசிப் படத்தில் இருந்தன. வானத்துக்கு வந்த மென்பொருள்கள் எல்லாம் அவ்வளவு துணிச்சலானவை அல்ல. பூசிய ஒளியைக் கணக்குப்படி திரட்டுவது வேறு, இல்லாததை வரைவது வேறு. எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று படத்தைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது என்பதுதான் சங்கடம்.

தணிக்கையாளர் அப்படிக் கூர்மையாக்கிய எம்-101 படத்தை என்னிடம் காட்டினார். பிரமாதமாக இருந்தது. இந்த இழைகளெல்லாம் உங்கள் எட்டு அங்குலத்துக்குள் வந்தவையா என்று கேட்டேன்.

"வந்தா என்ன, வராட்டா என்ன சார்? ஹப்பிள் தொலைநோக்கிப் படத்தில் பாருங்க, அதே இடத்தில் அதே மாதிரி பட்டை இருக்கு. இருக்கிறதைத்தானே காட்டியிருக்கு? பொய் எங்கே வந்தது?"

நல்ல கேள்வி. தத்துவ ஆசிரியர்கள் திணறக்கூடிய கேள்வி. காணாத ஒன்றை ஒருவன் சொல்கிறான். அது உண்மையாகவும் இருந்துவிடுகிறது. அவன் சொன்னது உண்மையா? நீதிமன்றத்தில் இதற்குப் பதில் உண்டு: கேட்டதைக் கண்டதாகச் சொன்னவன், கேட்டது மெய்யாகவே இருந்தாலும், பொய்ச் சாட்சிதான். நான் அவருக்கு அவர் தொழிலிலிருந்தே கேட்டேன். "போன வருஷம் இந்தக் கம்பெனியில் இந்தச் செலவு இருந்தது, எல்லாக் கம்பெனியிலும் இருக்கிறது, ஆகவே இந்த வருஷமும் இருக்கும் என்று வவுச்சர் இல்லாமல் கையெழுத்துப் போடுவீர்களா சார்?"

அவர் பேசவில்லை. நான் விடவில்லை. பழகிய படங்களைக் கொண்டு புதிய படத்தைத் திருத்துகிற மூளையிடம் ஆண்ட்ரோமீடாவின் அந்த வில்லைக் கொடுத்திருந்தால், முன்பு பார்த்திராத கறை என்று துடைத்திருக்கலாம் அல்லவா? வழக்கமானதைக் கொண்டுவந்து நிரப்புகிறவன், வழக்கமில்லாததை வெளியே தள்ளவும் செய்வான்.

"அது சரி சார்" என்றார் கடைசியில். "உங்க நாவலில் ஒருத்தி வாசற்படியில் நின்னு திரும்பிப் பார்த்தாள், அந்த ஒரு நொடியில் அவள் மனசில் பன்னிரண்டு வருஷத்துக் கசப்பு எழுந்ததுன்னு எழுதறீங்களே, அதுக்கு வவுச்சர் எங்கே?"

அட்டையில் நாவல் என்று போட்டிருக்கிறதே என்றேன். அது சட்டப்படி சரியான பதில். ஆனால் போதுமான பதில் என்று எனக்குத் தோன்றவில்லை. கதையில் ஒருவர் புருவத்தை உயர்த்தினால் அதற்கு அர்த்தம் இருந்தே தீரும். இல்லாவிட்டால் ஆசிரியர் அதை எழுதியிருக்க மாட்டார். வாழ்க்கையில் முக்கால்வாசிப் புருவங்கள் சும்மா உயருகின்றன. கொசு கடித்திருக்கும், வெயில் பட்டிருக்கும். இருநூறு முந்நூறு நாவல் படித்த கண், அந்தப் பழக்கத்தோடு எதிர்வீட்டுக்காரியைப் பார்க்கும்போது, அதுவும் ஒரு பழகிய மூளைதான். மற்றவர் மனத்தை எந்த அளவுக்கு வேண்டுமானாலும் பெரிதாக்கிப் பார்க்கலாம் என்ற தைரியத்தை எங்கள் தொழில்தான் பாதி கொடுத்திருக்கிறது. இதைத் தணிக்கையாளரிடமும் சொன்னேன். அவர் அதில் குறிப்பிட்ட அக்கறை காட்டவில்லை. உள்ளே போய் வேறொரு பிரதியை எடுத்துவந்தார்.

அதே எம்-101. கூர்மையாக்கும் மென்பொருள் தொடாதது. உள்ளங்கை அகலத்துக்குத்தான் இருந்தது. சுருளின் கைகள் புகை மாதிரி கலைந்து முடிந்தன. பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: ஏழு இரவு, இருபத்திரண்டு மணி நேரம், இரண்டுக்கு இரண்டு கூட்டியது. மற்றதைப் பெரிதாக அச்சிட்டுச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டப் போவதாகவும், இதை அலமாரியில் வைத்திருப்பதாகவும் சொன்னார். வருகிறவர்களுக்கு எதைக் காட்டுவார் என்று நான் கேட்டதற்கு, வருகிறவர்கள் யார் என்பதைப் பொறுத்தது என்று பதில் வந்தது.